ஆயிரம் ஜிபி கணக்கு: கடலூர் நாட்குறிப்பு

ஜனவரி 4, 2025, சனி

அண்ணன் வீட்டில் ஒரே பஞ்சாயத்து. பையனின் கேம் பெட்டியான பிளேஸ்டேஷன் 4-இல் (பிஎஸ்4) இடம் போதவில்லை என்று, 500 ஜிபி ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு 1 டிபி, அதாவது ஆயிரம் ஜிபி, போட்டுக்கொண்டு வந்திருக்கிறார்கள். வேலை நடந்தது புதுச்சேரியில் ஒரு கடையில். புதிதாக ஃபார்மட் செய்து, மென்பொருளையும் ஏற்றிக் கொடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்து ஸ்டோரேஜ் பக்கத்தைத் திறந்தால் மொத்தம் 861 ஜிபி என்கிறது.

"ஆயிரத்துக்குக் காசு வாங்கிக்கொண்டு 139-ஐ அமுக்கிவிட்டான்" என்று அண்ணன் சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஏறத் தயாராக நின்றார். அண்ணிதான் எனக்குப் போன் செய்தார். வீட்டில் கணக்கெழுதிப் பிழைப்பவள் நான் ஒருத்தி என்பதால், எண் சம்பந்தப்பட்ட சண்டை எல்லாம் மஞ்சக்குப்பத்துக்கு என்னிடம் வந்துவிடும்.

அண்ணனிடம் ஒன்றுதான் கேட்டேன். ஒருவரை ஏமாற்றுவதற்காக 861 ஜிபியில் ஒரு டிஸ்க்கை ஊரெல்லாம் தேடிப்பிடிக்க அந்தக் கடைக்காரருக்கு என்ன தலையெழுத்து? சட்டையைக் கழற்றவில்லை, ஆனால் உட்கார்ந்தார்.

ஜனவரி 5, ஞாயிறு

டிஸ்க்கை வெளியே எடுத்துப் பார்த்துவிடலாம் என்று முடிவானது. பிஎஸ்4-இல் இது பெரிய அறுவைச் சிகிச்சை இல்லை. மூடியை நகர்த்தினால் ஒரே ஒரு திருகாணி. அதன் தலையில் முக்கோணம், வட்டம், பெருக்கல், சதுரம் என்று கேம் ஆடும் கைப்பிடியில் (கன்ட்ரோலரில்) இருக்கும் நான்கு குறிகளையும் பொறித்திருக்கிறார்கள். பையன் அதைக் கழற்றி அம்மாவின் குங்குமச் சிமிழ் மூடியில் பத்திரப்படுத்தினான்.

டிஸ்க்கின் மேல் ஒட்டியிருந்த தாளில் 1 டிபி என்று பெரிதாக இருந்தது. அண்ணன் அதை நம்பத் தயாராக இல்லை. தாளில் யாரும் எதையும் அச்சடிக்கலாமாம். எனக்கு வேண்டியது அதற்குக் கீழே பொடி எழுத்தில் இருந்தது: எல்பிஏ 1953525168. டிஸ்க்கில் எத்தனை கட்டங்கள் என்பதன் எண்ணிக்கை அது. கட்டம் ஒன்றுக்கு 512 பைட். பெருக்கினால் 1,00,020,48,86,016 பைட். அதாவது ஒரு லட்சம் கோடிக்கு மேல் இருபது கோடியே நாற்பத்தெட்டு லட்சத்துச் சொச்சம் கொசுறு. வாங்கிய பொருளில் குறை இல்லை.

அப்படியானால் 861 எங்கிருந்து வந்தது? டிஸ்க் தயாரிப்பவர்களுக்கு ஒரு ஜிபி என்றால் நூறு கோடி பைட். விண்டோஸும் இந்த கேம் பெட்டியும் 1024-ஐ மூன்று முறை பெருக்கி, 107,37,41,824 பைட்டை ஒரு ஜிபி என்று எண்ணுகின்றன. அதே டிஸ்க்கை இந்த அளவால் வகுத்தால் 931.5. கிலோபைட்டில் 2.4 சதவீதமாக இருக்கும் வித்தியாசம் ஜிபியில் 7.4 ஆகி, டிபிக்கு வரும்போது கிட்டத்தட்ட 10 சதவீதம் ஆகிவிடுகிறது. பெரிய டிஸ்க் வாங்க வாங்க வயிற்றெரிச்சலும் பெரிதாகும். இந்தக் குழப்பத்துக்காகவே 1998-இல் 1024 கணக்குக்குத் தனிப் பெயர்கள் வகுத்தார்கள். ஆப்பிள் 2009-இல் தன் மேக் கணினிகளில் ஆயிரத்தின் கணக்குக்கே மாறிவிட்டது. விண்டோஸ் அசைந்துகொடுக்கவில்லை.

அண்ணி இட்லிக்கு அரிசி களைந்தபடியே சொன்னார்: "கிலோவில் வாங்கியதை வீட்டில் படியால் அளந்துவிட்டு, கடைக்காரனைத் திட்டுவதா?" நான் ஒரு பக்கம் எழுதிக் காட்டியதை விட இது அண்ணனுக்குச் சட்டென்று ஏறியது.

மீதி 70 ஜிபி பெட்டிக்கே போகிறது. அதன் இயங்குதளம், அப்டேட் வந்து இறங்குவதற்கான இடம், தற்காலிக வேலைகளுக்கான இடம் என்று முதலிலேயே பிரித்து எடுத்துக்கொள்கிறது. பழைய 500 ஜிபியிலும் இதே கதைதான்: 1024 கணக்கில் வரும் 465-இல் 408 மட்டும்தான் கேமுக்குக் கிடைத்தது. பெட்டி வாங்கிய நாளிலேயே 92 ஜிபி 'காணாமல்' போயிருக்கிறது, ஒருவரும் கேட்கவில்லை.

ஜனவரி 7, செவ்வாய்

பையன் விடவில்லை. டிஸ்க்கில் எது எங்கே என்று பெட்டி வைத்திருக்கும் பட்டியலை, அதாவது டேட்டாபேஸை, மறுபடி கட்டினால் இடம் திரும்பும் என்று யாரோ சொன்னார்களாம். தாராளமாகச் செய், கேமுக்கு ஆபத்தில்லை என்றேன். பெட்டியை அணைத்துவிட்டு, பவர் பொத்தானை ஏழு விநாடி போல அழுத்திப் பிடித்து, இரண்டாவது 'பீப்' கேட்டதும் விட்டால் சேஃப் மோட் என்ற பழுதுபார்க்கும் திரை வரும். வந்தது. ஆனால் கைப்பிடி வேலை செய்யவில்லை. அந்த நிலையில் அதைக் கேபிளால் இணைத்தாக வேண்டும். இவன் மாட்டியது சார்ஜ் மட்டும் ஏறும் மலிவுக் கேபிள், தகவல் போகாது. பக்கத்து வீட்டில் வேறு கேபிள் வாங்கி வந்து, டேட்டாபேஸை மறுபடி கட்டும் ஐந்தாவது வரியைத் தேர்ந்தெடுத்தான்.

முடிந்ததும் 861. நீக்கிய கேமின் கணக்கு ஒட்டிக்கொண்டிருந்தால் அது உதவும். இங்கே துடைக்க எதுவும் இல்லை.

ஜனவரி 11, சனி

நிஜமாகவே காணாமல் போனது இன்றுதான் அகப்பட்டது. யாரும் தேடாத ஒன்று!

மென்பொருள் ஏற்றுவதற்காக என் 64 ஜிபி பென் டிரைவைக் கொடுத்து அனுப்பியிருந்தேன். அலுவலகக் கோப்புகளை ஏற்றலாம் என்று லேப்டாப்பில் செருகினால் மொத்தமே 32 ஜிபி. 1024 கணக்கில் பார்த்தாலும் 59-க்குக் குறையக் கூடாது. இதற்கு இயங்குதளம் ஒதுக்கியது என்ற சமாதானமும் செல்லாது; பென் டிரைவுக்கு ஏது இயங்குதளம்?

விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட் திரையில் விஷயம் தெளிவாக இருந்தது. 32 ஜிபிக்கு நீலக் கோடு, மிச்சத்துக்குக் கறுப்புக் கோடு, 'ஒதுக்கப்படாதது' என்ற பொருளில் ஒரு சொல். விண்டோஸின் ஃபார்மட் பெட்டி நெடுங்காலமாக 32 ஜிபிக்கு மேல் ஃபேட்32 என்ற பழைய கோப்பு முறையில் ஃபார்மட் செய்யவிட்டதில்லை. பிஎஸ்4-க்கு எக்ஸ்ஃபேட் என்ற இன்னொரு முறையே போதும். கடையில் பழக்க தோஷத்தில் 32-க்கு ஒரு பகுதி வெட்டி ஃபேட்32 ஆக்கிவிட்டு, மீதியை அப்படியே விட்டிருக்கிறார்கள்.

சரிசெய்ய விண்டோஸிலேயே இருக்கும் 'டிஸ்க்பார்ட்' என்ற கருவி. கறுப்புத் திரையில் டிஸ்க்குகளைப் பட்டியலிட்டு, எண்ணைத் தேர்ந்தெடுத்து, 'கிளீன்' என்று தட்ட வேண்டும். எண் 0 என் லேப்டாப், எண் 1 பென் டிரைவ். 'உறுதியா?' என்று ஒரு வார்த்தை கேட்காமல் துடைத்துவிடும் கட்டளை அது. அளவைப் பார்த்து, பென் டிரைவைப் பிடுங்கி மறுபடி பட்டியலிட்டு, எண் 1 மறைகிறதா என்று பார்த்த பிறகுதான் விரலை வைத்தேன். எக்ஸ்ஃபேட்டில் ஃபார்மட் செய்ததும் 59 ஜிபியும் வந்துவிட்டது.

அண்ணனிடம் சொன்னேன். "அப்படியென்றால் அவனைக் கேட்கத்தான் வேண்டும்" என்றார், சற்று மகிழ்ச்சியோடு. கேட்க வேண்டியதில்லை என்று அண்ணி முடித்துவிட்டார்.

ஜனவரி 19, ஞாயிறு

நேற்று ஆற்றுத் திருவிழா. பெண்ணையாற்றில் சரியான கூட்டம்; சுருளிக்கிழங்கு வாங்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனேன். பையன் கேம்களை ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டிருக்கிறான். அப்டேட் வரும்போது கேம் அளவுக்கு இன்னொரு மடங்கு இடம் தற்காலிகமாகத் தேவைப்படும், கழுத்து வரை நிரப்பாதே என்று சொல்லி வைத்தேன். தலையாட்டினான்; நிரப்பத்தான் போகிறான்.

கழற்றிய 500 ஜிபியை ஒரு யுஎஸ்பி 3.0 உறையில் போட்டால் வெளி டிஸ்க்காக வைத்துக்கொள்ளலாமே என்று அடுத்த மனுவும் தயார். 2017-இல் வந்த 4.50 அப்டேட் முதல் அதற்கு வழி இருக்கிறது, 250 ஜிபிக்குக் குறையாமல் இருந்தால் போதும். பொதுத்தேர்வு முடியட்டும் என்று அண்ணன் அந்த டிஸ்க்கை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார்.