2019 மாடல் லேப்டாப் சூடானது: ரிப்பேரா, புதுசா?

கத்திரி தொடங்கிய முதல் வாரம். 320 பக்கப் புத்தகம் ஒன்றை வடிவமைத்து முடித்து, அச்சகத்துக்கு பிடிஎஃப் எடுத்துக்கொண்டிருந்தேன். லேப்டாப் பட்டென்று அணைந்தது. மறுபடி போட்டால் ஓடியது, இருபது நிமிடத்தில் திரும்பவும் அணைந்தது. கீபோர்டின் மேல்வரிசையில் விரல் வைக்க முடியவில்லை, அவ்வளவு சூடு.

திருவல்லிக்கேணியில் மூன்றாவது மாடி வீடு, தலைக்கு மேலே மொட்டை மாடி. பகல் இரண்டு மணிக்கு அந்த அறையில் ஃபேன் காற்றே அனலாக வரும். அதனால் வெயில்தான் காரணம் என்று நினைத்தேன். பக்கத்திலிருந்த ஒரு சர்வீஸ் கடையில் காட்டியபோது, "மதர்போர்டு போயிருக்கும் மேடம், பதினாலாயிரம் ஆகும். பேசாம எக்ஸ்சேஞ்ச்ல புதுசு எடுத்துடுங்க" என்றார்கள். நான் விசாரித்த புது லேப்டாப் 52,000 ரூபாய். பக்கத்துக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டு வேலை செய்பவளுக்கு அது பல மாதச் சேமிப்பு. பணத்தைவிட, ஒரு ஸ்க்ரூவைக்கூடக் கழற்றாமல் சொன்னார்களே, அதுதான் உறுத்தியது.

வீட்டுக்கு வந்து, பிராசஸரின் சூட்டைக் காட்டும் கோர் டெம்ப் என்ற இலவச மென்பொருளைப் போட்டுப் பார்த்தேன். சும்மா இருக்கும்போதே 68 டிகிரி. பிடிஎஃப் எடுக்க ஆரம்பித்த ஒரு நிமிடத்துக்குள் 99. என் பிராசஸரின் உச்ச வரம்பு 100. அதை நெருங்கும்போது பிராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அப்படியும் சூடு அடங்காவிட்டால் லேப்டாப் அணைந்துவிடும். ஒரு வருடமாக 'மெஷின் பழசாகி ஸ்லோ ஆயிடுச்சு' என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அதற்கும் இந்தச் சூடுதான் காரணமாக இருந்திருக்க வேண்டும்.

மறுநாள் விடியற்காலை ஐந்து மணிக்கு அதே ஃபைலை வைத்து மறுபடி சோதித்தேன். அறை நன்றாகக் குளிர்ந்திருந்தது. அப்போதும் 98. வெயில் மட்டும் காரணமென்றால் நன்றாகவே இறங்கியிருக்க வேண்டும். அப்புறம் பையில் கிடந்த பஸ் டிக்கெட்டை எடுத்து, காற்று வெளியே வரும் ஓட்டைக்கு நேராகப் பிடித்தேன். உள்ளே ஃபேன் இரைந்துகொண்டிருந்தது. டிக்கெட்டோ லேசாக நடுங்கியதோடு சரி. ஃபேன் சுற்றுகிறது, காற்று வெளியே வரவில்லை என்றால் வழியில் எதுவோ அடைத்திருக்கிறது. மதர்போர்டு என்று சொல்ல இதில் என்ன இருக்கிறது?

ஆனாலும் ரிப்பேருக்குப் பணம் போடுவதற்கு முன் வேறு சிலதையும் யோசிக்க வேண்டியிருந்தது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. என்னுடையது இன்டெல் எட்டாம் தலைமுறை பிராசஸர், விண்டோஸ் 11 ஏற்கெனவே ஓடுகிறது. விண்டோஸ் 11 பெரும்பாலும் ஏற்காத ஏழாம் தலைமுறையாக இருந்திருந்தால் புதுசு பக்கம்தான் சாய்ந்திருப்பேன். பேட்டரி உப்பியிருக்கிறதா என்று தெரிய, சமமான மேசையில் வைத்து நான்கு மூலையையும் அழுத்திப் பார்த்தேன். ஆடவில்லை, டச்பேடும் மேலே எழும்பவில்லை. உப்பியிருந்தால் அன்றே நிறுத்திவிட வேண்டும். அது தீப்பிடிக்கக்கூடிய விஷயம். கடைசியாக எல்லா ஃபைலையும் வெளி ஹார்ட் டிஸ்கில் நகலெடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

வாலாஜா சாலை வழியாக அண்ணா சாலை வந்து, எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்கு நடந்தே போய்விட்டேன். நான் கேட்டது ஒன்றுதான்: "என் எதிரிலேயே திறப்பீங்களா?" மூன்றாவது கடையில் இருந்த தம்பி, "உக்காருங்கக்கா, பாத்துடலாம்" என்றார்.

அடிமூடியைக் கழற்றியதும் முதல் வேலையாக பேட்டரி இணைப்பைப் பிடுங்கினார். பிராசஸரிலிருந்து ஒரு செம்புக் குழாய் ஓரத்துக்குப் போகிறது. அங்கே சீப்புப் பற்கள்போல நெருக்கமான மெல்லிய தகடுகள். சூடு அந்தக் குழாய் வழியாகத் தகடுகளுக்கு வரும், ஃபேன் அதை வெளியே ஊதித் தள்ளும். ஃபேனைத் தூக்கியபோதுதான் பார்த்தேன். ஃபேனுக்கும் தகடுகளுக்கும் நடுவே தூசி பஞ்சு மெத்தைபோலப் படிந்து, சந்து முழுவதையும் மூடியிருந்தது. இடுக்கியால் இழுத்தார், ஒரே துண்டாக வந்தது. என் தலைமுடிகள் இரண்டுகூட அதில் பின்னிக் கிடந்தன. ஏழு வருடமாகப் படுக்கையில் வைத்து வேலை பார்த்ததன் பலன் அது.

பிராசஸரின் சூட்டைக் குழாய்ப் பக்கம் கடத்த அதன் மேல் பூசியிருந்த தெர்மல் பேஸ்ட் காய்ந்த சுண்ணாம்புபோல உதிர்ந்தது. ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்துப் புதுசு வைத்தார். குழாயும் தகடுகளும் சேர்ந்த ஹீட்சிங்கின் ஸ்க்ரூக்களுக்குப் பக்கத்தில் 1, 2, 3, 4 என்று எண் அச்சடித்திருக்கிறது. அந்த வரிசையிலேயே கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினார். ஒரே பக்கமாக இறுக்கினால் பேஸ்ட் சமமாகப் பரவாதாம். ப்ளோயரால் தூசி ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டார். "இல்லன்னா கன்னாபின்னான்னு சுத்தி பேரிங் போயிடும்க்கா." ஏற்கெனவே அந்த பேரிங்கில் கரகரவென்று சத்தம் இருந்தது. ஃபேனையும் மாற்றச் சொல்லிவிட்டேன். ஃபேன் 900, வேலைக்கும் பேஸ்டுக்கும் 700, மொத்தம் 1,600 ரூபாய். முக்கால் மணி நேரம்.

பணம் கொடுக்கும் முன் அங்கேயே அதே புத்தகத்தை ஓடவிட்டேன். சும்மா இருக்கும்போது 47, பிடிஎஃப் எடுக்கும்போது 81. முன்பு பதினொரு நிமிடம் எடுத்தது, இப்போது ஐந்தைத் தாண்டவில்லை. பிற்பகல் வீட்டில் பார்த்தபோது 86 வரை ஏறியது, நம் ஊர் வெயிலுக்கு அது பரவாயில்லை. இப்போது படுக்கையில் வைப்பதில்லை. பின்பக்கம் இரண்டு மரத் துண்டுகளை முட்டுக் கொடுத்து, அடியில் காற்று போகும்படி மேசையில் வைத்திருக்கிறேன். புத்தகம் அன்று இரவே அச்சகத்துக்குப் போய்விட்டது.