இரண்டு கணினிகளுக்கு ஒரே நீர்ச்சுற்று

என் மேசையும் தம்பியின் மேசையும் ஒரே அறையில் அருகருகே இருக்கின்றன. இரண்டிலும் இருப்பவை விளையாட்டுக்கென்றே கட்டிய கணினிகள். மாலையில் இருவரும் சேர்ந்து விளையாட உட்கார்ந்தால், கிராபிக்ஸ் கார்டுகள் தலா 300 வாட், பிராசசர்கள் தலா 100 வாட் என ஏறக்குறைய 800 வாட் வெப்பம் அந்தச் சிறிய அறைக்குள் இறங்குகிறது. ஒரு டன் ஏசியின் குளிரூட்டும் திறனே சுமார் 3,500 வாட்தான் என்னும்போது, அதில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் இந்தச் சூட்டை வெளியேற்றுவதற்கே போய்விடுகிறது. சென்னையின் மே மாதத்தில் இது அலட்சியப்படுத்தக்கூடிய அளவு அல்ல. ஆகவே, இரண்டு கணினிகளின் வெப்பத்தையும் ஒரே நீர்ச்சுற்றில், அதாவது பம்ப் தள்ளும் நீர் சூட்டை வாங்கிக்கொண்டு குழாய்கள் வழியே சுற்றிவரும் அமைப்பில், சேர்த்துப் பால்கனிக்கு அனுப்பிவிடுவது என்று முடிவு செய்தோம்.

இந்த அமைப்பில் நான் எல்லாவற்றுக்கும் மேலாகக் கருதுவது ஒன்றுதான்: சுற்று இரண்டு கணினிகளுக்கும் பொதுவானது, எந்த ஒன்றையும் அது நம்பி இருக்கக் கூடாது. பம்பை இரண்டில் ஒரு கணினியின் பவர் சப்ளையில் இணைத்துவிடுவது எளிது. ஆனால் அந்தக் கணினி அணைந்திருக்கும் நேரத்தில் மற்றதை இயக்கினால், வாட்டர் பிளாக்குக்குள் (சிப்பின் மேல் பொருத்தி அதன் சூட்டை நீருக்கு மாற்றும் உலோகக் கட்டைக்குள்) நீர் அசையாமல் நின்றுவிடும். பிராசசர் தன் வேகத்தைக் குறைத்துத் தன்னைக் காத்துக்கொள்ளும் என்பது உண்மைதான். ஆனாலும் பிளாக்கில் தேங்கிய நீர் சூடேறிக்கொண்டே போகும். மென்மையான டியூப்களும் பம்பும் தாங்கும் வரம்பு 60 டிகிரியை ஒட்டியே இருக்கிறது.

ஆகவே பம்புக்கும், நீரின் சூட்டைக் காற்றில் இறக்கும் ரேடியேட்டரின் ஃபேன்களுக்கும் தனியாக ஒரு 12 வோல்ட் அடாப்டர் வைத்து, அதையும் கணினிகள் இருக்கும் அதே யுபிஎஸ்ஸில் செருகியிருக்கிறோம். இரண்டு கணினிகளின் பவர் சப்ளையிலிருந்தும் தலா ஒரு ரிலேவுக்கு (மின்சாரம் வந்தால் தானாக மூடும் சுவிட்ச்) 12 வோல்ட் போகிறது. ரிலேக்களின் தொடுமுனைகள் ஒன்றுக்கொன்று இணையாக இருப்பதால், எந்தக் கணினியை இயக்கினாலும் பம்ப் ஓடத் தொடங்கும், இரண்டும் அணைந்தால் மட்டுமே நிற்கும். ரிலே வைத்ததில் இன்னொரு நன்மையும் உண்டு. இரண்டு பவர் சப்ளைகளின் மின்சாரமும் எங்கும் நேரடியாகச் சந்திப்பதில்லை. பம்ப், வேகத்தை 1 முதல் 5 வரை கையாலேயே திருப்பி வைக்கக்கூடிய டி5 வேரியோ வகை என்பதால், மதர்போர்டிலிருந்து அதற்குக் கட்டளை எதுவும் தேவையில்லை. முழு வேகத்திலும் அது எடுத்துக்கொள்வது 25 வாட்டுக்குள்தான்.

அடுத்த கேள்வியைத் தம்பிதான் எழுப்பினான். “அண்ணா, என் பெட்டியை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டு போக முடியுமா?” இந்த ஒரு கேள்வியே குழாய்களின் அமைப்பைத் தீர்மானித்துவிட்டது. இரண்டு கணினிகளையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரில் இணைத்தால், ஒன்றைக் கழற்றியதும் சுற்றே அறுந்துவிடும். எனவே வாய்க்காலிலிருந்து இரண்டு வயல்களுக்கு மடை பிரிப்பதுபோல, நீரை இரண்டு கிளைகளாகப் பிரித்து, ஒவ்வொரு கிளையிலும் போகும் வழியிலும் வரும் வழியிலும் குவிக் டிஸ்கனெக்ட் இணைப்பிகளை வைத்தோம். கழற்றும்போது இரு பக்கமும் உள்ளிருக்கும் வால்வு தானாக மூடிக்கொள்ளும். முனையில் ஒரு துளி மட்டும் திரண்டு நிற்கும், அதைத் துணியால் ஒற்றி எடுத்தால் போதும். மற்றவர் விளையாட்டை நிறுத்த வேண்டியதே இல்லை.

தொடரில் இணைத்தால் இரண்டாவது கணினிக்குச் சூடான நீர்தானே போகும் என்ற அச்சம் பலருக்கு இருக்கிறது. நிமிடத்துக்கு 1 லிட்டர் ஓடும் நீர், ஒரு டிகிரி சூடேறுவதற்குள் ஏறக்குறைய 70 வாட்டைச் சுமந்து செல்கிறது. நிமிடத்துக்கு 4 லிட்டர் ஓடினால், 400 வாட் கணினி ஒன்றைக் கடந்து வரும் நீர் ஒன்றரை டிகிரி அளவுக்கே சூடேறியிருக்கும். ஆகவே நாங்கள் கிளை பிரித்ததற்கு வெப்பம் காரணமே அல்ல. சொல்லப்போனால், கிளை பிரிப்பதில்தான் ஒரு சிக்கல் இருக்கிறது. நீர் தடை குறைந்த பக்கமே அதிகம் ஓடும் என்பதால், என் பக்கத்தில் ஓட்டத்தைக் குறைக்கும் ஒரு பால் வால்வை (ball valve) வைத்துச் சற்று மூடி, இரு பக்க ஓட்டத்தையும் சமப்படுத்த வேண்டியிருந்தது. ஒவ்வொரு கிளையிலும் உள்ள ஃப்ளோ சென்சார் அந்தந்தக் கணினியின் மதர்போர்டிலேயே இணைந்திருப்பதால், ஓட்டம் குறைந்தால் உரியவருக்கு உடனே தெரிந்துவிடும்.

பால்கனியில் நிற்பது வாட்டர்கூல் என்ற ஜெர்மன் நிறுவனத்தின் மோரா 3 420 ரேடியேட்டர். அதில் 140 மில்லிமீட்டர் ஃபேன்கள் ஒன்பது பொருந்தும். கணினிப் பெட்டிக்குள் வழக்கமாக வைக்கும், மூன்று 120 மில்லிமீட்டர் ஃபேன்கள் பொருந்தும் 360 ரேடியேட்டரைப் போல நான்கு மடங்கு முகப்பரப்பு. அத்தனை பரப்பு இருப்பதால் ஃபேன்களை மிக மெதுவாகச் சுழலவிட முடிகிறது. வெளியே வெயில் 38 டிகிரியாக இருந்தால் நீர் அதைவிடச் சூடாகத்தான் இருக்கும், அதை மாற்ற வழியில்லை. கிராபிக்ஸ் கார்டு அறுபதுகளில் ஓடுவதால் ஒரு கெடுதலும் இல்லை என்பதால் இதை மனநிறைவோடு ஏற்றுக்கொண்டோம். நீர் வெளிக்காற்றைவிடக் குளிர்ந்துபோக வாய்ப்பில்லாததால், ஏசி அறைக்குள் டியூப்களின் மேல் வியர்த்து நீர் சொட்டும் என்ற பயமும் இல்லை.

ரேடியேட்டர் எவ்வளவு உயரத்தில் இருக்கலாம் என்பதும் குழப்பம் தரும் விஷயம். மூடிய சுற்றில் நீர் நிரம்பிய பிறகு, ஏறும் பக்கத்தின் எடையை இறங்கும் பக்கத்தின் எடை ஈடுகட்டிவிடும். பம்ப் எதிர்கொள்வது உராய்வை மட்டுமே. முதன்முறை நிரப்பும்போதுதான் உயரம் கணக்கில் வரும். டி5 பம்ப் தள்ளக்கூடிய உயரம் நான்கு மீட்டருக்குச் சற்றுக் குறைவு. ரிசர்வாயரை, அதாவது நீர் நிரப்பும் தொட்டியை, சுற்றின் உச்சியில் வைத்து, ரேடியேட்டரை மெல்லச் சாய்த்துச் சாய்த்துக் காற்றை வெளியேற்றினால், சலசலப்பு படிப்படியாக அடங்கும்.

நீர் பொதுவாக இருப்பதால் உலோகமும் பொதுவான கவலையாகிவிடுகிறது. செம்பு, பித்தளை, நிக்கல் பூச்சு ஆகியவை ஒன்றாக இருக்கலாம். அலுமினியம் நுழைந்தால், கூலண்ட் (சுற்றில் ஓடும் குளிரூட்டும் நீர்) வழியாக மின்வேதி அரிப்பு தொடங்கி, உதிரும் துகள்கள் இருவரின் பிளாக்குகளிலும் உள்ள நுண்ணிய பள்ளங்களை அடைத்துவிடும். தம்பி மலிவாகக் கிடைக்கிறது என்று ஒரு ஃபிட்டிங் வாங்கினாலும் அதன் பாதிப்பு என் கார்டு வரை வரும். ஆகவே யார் எதை வாங்கினாலும், அது எந்த உலோகம் என்பதை இருவரும் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே சுற்றில் சேர்க்கிறோம்.