கழுவிக் கொடுத்த டப்பா

"சாப்பிட்டிருந்தாரா சிஸ்டர்?" என்று எங்கள் டாக்டருடைய மனைவி கேட்டதற்கும், "சாப்பிட்டிருந்தார் மேடம்" என்று நான் சொன்னதற்கும் நடுவில் ஒரு மூச்சு விடும் நேரம்கூட இருந்திருக்காது. செவிலியர் பணியில் 26 ஆண்டுகளாக நான் சொல்லிவரும் பொய்களுக்குக் கணக்கில்லை. "வலிக்காது", "டாக்டர் கிளம்பிவிட்டார்", "நாளைக்கு வீட்டுக்குப் போய்விடலாம்" என்பவையெல்லாம் ஊசியோடும் மாத்திரையோடும் சேர்த்துக் கொடுக்கப்படுபவை என்றே நினைத்திருந்தேன். அந்த மதியம் சொன்னதும் அந்த வகைதான் என்று பல நாட்கள் எனக்கு நானே சொல்லிப் பார்த்துவிட்டேன்.

நடந்தது எங்கள் மருத்துவமனையில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். சனிக்கிழமை ஓ.பி. முடிய 2 மணிக்கு மேல் ஆகிவிட்டது, டாக்டர் காரை எடுத்துக்கொண்டு கிளம்பினார், வீட்டுக்குப் போகவில்லை. இரவு காவல் நிலையத்தில் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்கினார்கள். ஞாயிறு காலை ஏற்காடு மலைப்பாதையில் ஒரு வளைவுக்கு மேலே ஓரமாகப் பூட்டி நிறுத்தியிருந்த கார் கிடைத்தது. செவ்வாய்க்கிழமை, கீழே சரிவில் அவர் கிடைத்தார். சாவி சட்டைப் பையிலேயே இருந்தது.

நடுவில் இருந்த திங்கட்கிழமையில்தான் நான் அந்த டப்பாவைக் கழுவினேன். டியூட்டி ரூமில் நாற்றம் வருகிறது என்று தேடியபோது, மேசைக்கு அடியில் அவருடைய சாப்பாட்டுப் பை இருந்தது. கீரைச் சாதம், ஒரு கரண்டிகூட எடுக்கப்படாமல், நுரைத்துப் போயிருந்தது. அவர் திரும்பி வருவார் என்று நாங்கள் நம்பிக்கொண்டிருந்த நாள் அது. வந்து பார்த்தால் சங்கடப்படுவாரே என்றுதான் கொட்டிவிட்டுக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். ஒரு தடயத்தை அழிக்கிறேன் என்று அப்போது யாருக்குத் தோன்றும்?

அதற்குப் பிறகு இரண்டு வாரங்கள், வார்டில் கை ஓயும் நேரமெல்லாம் இதே பேச்சுதான். நண்பர் ஒருவருக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டு மாட்டிக்கொண்டார் என்று மருந்தகத்தில் ஒரு கதை இருந்தது. இரண்டு மாதத்துக்கு முன் டெங்குவில் இறந்த பையனின் உறவினர்கள் போட்ட சத்தத்தை வரவேற்பில் இருந்தவர்கள் நினைவுபடுத்தினார்கள். ஆம்புலன்ஸ் ஓட்டுநர் அண்ணன், அந்த 20 கொண்டை ஊசி வளைவுகளையும் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டக்கூடியவர், "காட்டெருமை நிற்கிற இடம் சிஸ்டர், அங்கே யாரும் சும்மா இறங்க மாட்டாங்க" என்று தலையை ஆட்டிக்கொண்டே சொன்னார். டாக்டர் ஏன் மலைக்குப் போனார் என்பதே பலருக்கு மர்மமாக இருந்தது. எனக்கு அதில் மர்மம் இல்லை. கோரிமேட்டைத் தாண்டிவிட்டால் மனசு லேசாகிவிடுகிறது என்பார். "மேலே போனால் ஏழெட்டு டிகிரி குறைகிறது சிஸ்டர், அதுவே ஒரு மருந்து" என்று சில சனிக்கிழமைகளில் என்னிடமே சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

மற்றவர்களைக் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை, ஏனென்றால் நானும் ஒரு வாக்கியத்தைப் போட்டேன். "வெள்ளிக்கிழமை ராத்திரியே பாக்கி இருந்த டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாவற்றையும் கையெழுத்துப் போட்டு முடித்துவிட்டார்" என்றேன். அவர் எவ்வளவு பொறுப்பானவர் என்று சொல்வதுதான் என் எண்ணம். ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை. மாலை ஷிஃப்டு மாறும்போது அதே வாக்கியம், "எல்லாவற்றையும் முடித்து வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறார்" என்று என்னிடமே திரும்பி வந்தது. முடித்துவிட்டார் என்பதற்கும் முடித்து வைத்துவிட்டுப் போனார் என்பதற்கும் இடையில் ஒரு மனிதரின் சாவுக்கே காரணம் எழுதப்பட்டுவிட்டது. திங்கட்கிழமை காப்பீட்டுத் தணிக்கை இருந்தது என்பதையும், அந்தக் கையெழுத்துகளுக்காக மூன்று நாட்கள் அவரை விரட்டியது நான்தான் என்பதையும் நான் அங்கேயே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கேட்டவர்கள் முகத்தில், இனி வேறு எதுவும் கேட்கத் தேவையில்லை என்ற நிறைவு வந்திருந்தது.

அந்த வியாழக்கிழமை ரவுண்ட்ஸ் நடுவே அவர் என் மேசை முன் விரலை நீட்டி, "கொஞ்சம் குத்துங்க சிஸ்டர்" என்றார். நெற்றியெல்லாம் வியர்வை. குளுக்கோமீட்டரில் 58 காட்டியது. 70-க்குக் கீழே போனாலே தாழ்சர்க்கரை என்று பயிற்சிக்கு வரும் பெண்களுக்கு நாங்கள் சொல்லிக் கொடுப்பது வழக்கம். சர்க்கரை அதிகம் போட்ட டீயும் நான்கு பிஸ்கட்டும் சாப்பிட்டுவிட்டு, "வீட்டில் சொல்லிவிடாதீர்கள்" என்று சிரித்தபடி அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். காலையில் சர்க்கரையைக் குறைக்கும் கிளிமிபிரைடு மாத்திரை போட்டுக்கொண்டு மதியச் சாப்பாட்டைத் தள்ளிப்போடும் நோயாளிகளை அவரே திட்டுவார். சர்க்கரை இறங்கினால் கை நடுங்கும், வியர்க்கும். இன்னும் இறங்கினால் புத்தி தடுமாறும். எங்கே இருக்கிறோம், எதற்காக நடக்கிறோம் என்பது தெரியாமலே நடப்பார்கள். பார்ப்பவர்கள் குடித்திருக்கிறார் என்று நினைத்துக்கொள்வார்கள். அப்படி ஒருவர் காரை ஒழுங்காகப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு பாறை ஓரமாக நடந்துபோவது நடக்காத காரியமல்ல.

இதை நிரூபிக்கவும் முடியாது என்பதுதான் கொடுமை. ரத்தத்தை, சர்க்கரை குறையாமல் காக்கும் மருந்து போட்ட சாம்பல் நிற மூடிக் குழாயில் எடுக்காமல் சாதாரணக் குழாயில் எடுத்து மேசையில் வைத்துவிட்டாலே, அதிலுள்ள அணுக்கள் சர்க்கரையைத் தின்றுகொண்டிருக்கும். மணிக்கு ஐந்து, ஆறு சதவீதம் குறைந்துவிடும். இறந்த உடலிலும் சர்க்கரை இறங்கிக்கொண்டேதான் போகும். மூன்று நாட்கள் கழித்துக் கிடைத்த உடலில் அளவு குறைவாக இருந்தால், அது சாவுக்கு முன்பே குறைந்ததா பின்பு குறைந்ததா என்று சொல்ல வழியில்லை. உறுப்புகளை உப்புக் கரைசலில் இட்டுத் தடய அறிவியல் ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். மாதங்கள் கழித்து, விஷம் எதுவும் இல்லை, விழுந்ததால் ஏற்பட்ட காயங்கள் என்று நிர்வாகத்தில் சொன்னார்கள். இரைப்பையில் என்ன இருந்தது என்று பிரேதப் பரிசோதனை அறிக்கையில் ஒரு வரி இருந்திருக்கும். அந்த அறிக்கை என் கைக்கு வரக்கூடியது அல்ல.

விசாரணைக்கு வந்த உதவி ஆய்வாளர் என்னிடம் கேட்டது இரண்டே கேள்விகள்: அவர் மனக்கவலையில் இருந்தாரா, யாரோடாவது தகராறு உண்டா. இரண்டுக்கும் இல்லை என்றேன், இரண்டும் உண்மை. குற்றவியல் நடைமுறைச் சட்டம் 174-இன் கீழ் (இப்போது அது புதிய சட்டத்தில் 194) அவர்களுக்குத் தேவைப்பட்டது வெளிப்படையாகத் தெரியும் காரணம் மட்டுமே. 58 பற்றி அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நோயாளியின் விவரத்தை வெளியே சொல்லக் கூடாது என்று எனக்கு நானே ஒரு நியாயம் வைத்திருந்தேன். ஆனால் டாக்டர் என்னிடம் நோயாளியாகப் பதிவு செய்துகொண்டவர் அல்ல, அந்த 58 எந்தக் கேஸ் ஷீட்டிலும் இல்லை. குளுக்கோமீட்டரின் நினைவில் தேதியோடும் நேரத்தோடும், பெயரில்லாமல், கொஞ்ச காலம் இருந்தது. மறு ஆண்டு வேறு கம்பெனி ஸ்ட்ரிப்புக்கு மாறியபோது பழைய கருவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அட்டைப்பெட்டியில் அதை வைத்துக் கொடுத்ததும் நான்தான்.

ஒருவேளை நான் இல்லாத ஒன்றைக் கட்டிக்கொண்டிருக்கிறேனோ என்றும் தோன்றும். அவர் அடிவாரத்தில் டீ குடித்திருக்கலாம். ஐந்து ரோட்டில் ஏதாவது ஓட்டலில் நிறுத்திச் சாப்பிட்டிருக்கலாம். மருந்தகத்துக்கு ஒரு கதை, ஓட்டுநருக்கு ஒரு கதை என்று இருந்ததுபோல, செவிலியருக்குச் சர்க்கரை அளவு ஒரு கதையாகிவிட்டதோ என்னவோ. என் கதையில் யாருக்கும் அவமானம் இல்லை என்பதாலேயே அதை நான் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்றும் சொல்லலாம்.

ஆனாலும் மனைவி கேட்டபோது உண்மையைச் சொல்லியிருந்தால், ஊர் பேசிய பேச்சுக்கு எதிராக அவரிடம் ஒரு காரணமாவது இருந்திருக்கும். பட்டினியாக இருந்த சர்க்கரை நோயாளி என்பது, "முடித்து வைத்துவிட்டுப் போனவர்" என்பதைவிடச் சுமக்க எளிதான சொல். இதை நான் சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்துதான், போன தை மாதம் அஸ்தம்பட்டி பஸ் நிறுத்தத்தில் அவரைப் பார்த்ததும் அருகே போனேன்.

பிள்ளைகளைப் பற்றிக் கேட்டேன். பெரியவள் கோயம்புத்தூரில் படிக்கிறாள் என்றார். பிறகு அவராகவே ஆரம்பித்தார். அந்தச் சனிக்கிழமை காலை இருவருக்கும் சாப்பாட்டு விஷயத்தில்தான் வாக்குவாதமாம். சர்க்கரைக்கு நல்லது என்று இவர் கீரைச் சாதம் கட்ட, அவருக்குக் கீரை பிடிக்காது என்பதால் முகம் கொடுத்தே பேசாமல் பையை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்.

"கோபமாப் போனவர், அதையும் காலி பண்ணிட்டுத்தான் போயிருக்கார் பாருங்க சிஸ்டர். நீங்க சொன்னதுக்கு அப்புறம்தான் எனக்கு அன்னைக்கு ராத்திரி தூக்கம் வந்துச்சு."

"ஆமாம் மேடம்" என்றேன். கோரிமேடு பஸ் வந்தது. அவர் ஏறி, ஜன்னலோரம் இடம் கிடைத்ததா என்று நான் பார்ப்பதற்குள் கையசைத்துவிட்டார்.