பனியன் ஊரில் பனிப் படங்கள்

டிசம்பர் 15, 2024

நாளைக்கு மார்கழி ஒண்ணு. கோயிலில் ஸ்பீக்கர் கட்டிவிட்டார்கள், எதிர்வீட்டு மாடியில் ஸ்டார் தொங்குகிறது. இங்கிலீஷ் சேனலில் 'ஹோம் அலோன்' விளம்பரமும் வந்தாச்சு. நாங்கள் கிறிஸ்தவர்கள் இல்லை. ஆனாலும் வருசா வருசம் அந்தப் படம் பார்க்காமல் எங்கள் வீட்டில் டிசம்பர் கழியாது. எங்கள் வீட்டுப் பாட்டி, அம்மிச்சி, வெடியால திருப்பாவை கேட்பார், பொழுதோட அந்தப் படத்தில் வீட்டில் தனியாக மாட்டிக்கொள்ளும் சிறுவன் கெவினைப் பார்ப்பார்.

டிசம்பர் 18

கம்பெனியில் தென்னைமரம் பிரிண்ட் போட்ட டிசர்ட் பேக்கிங் ஓடுகிறது. ஐரோப்பாவின் அடுத்த கோடைக்குப் போகிற சரக்கு. திருப்பூரில் கிறிஸ்துமஸ் ஆகஸ்டோடு முடிந்துவிடும். வைகாசி வெயிலில் ஃபேன் காத்து பத்தாமல் வேர்த்து ஊத்த, கட்டிங் டேபிளில் கலைமான் கலைமானாக வெட்டிக்கொண்டிருப்போம். பையன் இப்போது போட்டிருக்கும் பைஜாமாவும் அப்படி மிஞ்சின சரக்குதான், காதர்பேட்டையில் வாங்கினது.

டிசம்பர் 21

'ஹோம் அலோன்'. 1990-இல் வந்த படம். பையன் அம்மிச்சிக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தான்.

"பெத்தவ புள்ளைய உட்டுப்போட்டு பாரிஸுக்குப் போவாளாக்கும்?" போன வருசமும் இதையேதான் கேட்டார். படத்தில் பக்கத்துவீட்டுப் பெரியவர் நடைபாதையில் உப்பைக் கொட்டினதும் அடுத்த கேள்வி.

"ஏஞ்சாமி, உப்பை ஏன் வீணாக்கறாரு?"

"உப்புப் போட்டா பனிக்கட்டி கரைஞ்சுருமுங்க அம்மிச்சி. இல்லீன்னா நடக்கறவங்க வழுக்கி உழுந்துருவாங்க."

திருடர்களுக்கு வைக்கும் பொறிகள் எனக்கு இப்போது சலிக்கிறது. பையன் அதற்காகத்தான் பார்க்கிறான். எனக்குப் பிடித்தது, சர்ச்சில் அந்தப் பெரியவரும் கெவினும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது. அம்மிச்சியும் அப்போதுதான் வாயை மூடுவார்.

டிசம்பர் 22

ஞாயிறு. அரிசிம்பருப்புச் சோறு உண்டுவிட்டு, பென்டிரைவை டிவியில் சொருகி 'இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்' போட்டேன். ஃபிராங்க் காப்ராவின் 1946 படம், கருப்பு வெள்ளை. பையன் கால்மணி நேரத்தில் ஓடிவிட்டான். அம்மிச்சி அசையவில்லை. சின்ன ஊரில் அப்பா விட்டுப்போன கடன் சங்கத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறவன் கதை. எட்டாயிரம் டாலர் காணாமல் போகிறது, அவன் சாகத் துணிகிறான். சீட்டும் ஃபைனான்ஸும் பார்த்து வளர்ந்த நம் ஊர்க்காரர்களுக்கு இதில் விளக்க என்ன இருக்கிறது?

கடைசியில் ஊரே பணத்தோடு வருகிறது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அம்மிச்சிக்கு வேறு ஆத்திரம். "பணத்தை அமுக்குனானே அந்தச் சக்கர நாற்காலிக்காரன், அவனை ஒண்ணுமே பண்ணுலியே?" வாஸ்தவம்தான். படம் முடிகிற வரைக்கும் அந்த நாற்காலிக்காரன் பாட்டருக்கு ஒரு தண்டனையும் கிடையாது.

அந்தப் பனியைத்தான் நான் ஒவ்வொரு தடவையும் உற்றுப் பார்ப்பேன். படம் பிடித்தது கலிபோர்னியாவில், கோடையில். கதாநாயகன் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் சில இடங்களில் வேர்த்திருப்பது தெரியும். அதற்கு முன்னால் சினிமாவில் பனி என்றால் வெள்ளை பூசின கார்ன்ஃப்ளேக்ஸ்தானாம். மிதித்தால் நொறுநொறுவென்று சத்தம், வசனத்தைப் பிறகு டப்பிங் செய்தாக வேண்டும். காப்ராவுக்கு அங்கேயே பேசி அங்கேயே பதிய வேண்டும். அதனால் தீயணைப்பு நுரையில் சோப்பும் தண்ணியும் கலந்து காற்றடித்துப் பறக்கவிட்டார்கள். அந்த வேலைக்கு ஆஸ்கர் அகாடமியின் தொழில்நுட்ப விருதும் கிடைத்தது. கேட்டதிலிருந்து எனக்கு அவர்கள் எங்கள் பிரிண்டிங் யூனிட் ஆட்கள் மாதிரியே தெரிகிறார்கள்.

தியேட்டரில் படம் போட்ட காசை எடுக்கவில்லை. 1974-இல் பதிப்புரிமையைப் புதுப்பிக்காமல் விட்டதில் அமெரிக்க டிவி நிலையங்களுக்குச் சும்மா கிடைத்தது. கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் போட்டுப் போட்டே பிரபலமானது. ஓசியில் கிடைத்ததை யார்தான் விடுவார்கள்!

டிசம்பர் 24

கம்பெனியில் லேட், வந்ததும் தூக்கம். 'மிரக்கிள் ஆன் 34த் ஸ்ட்ரீட்' பாதிதான் ஓடியது. கிறிஸ்துமஸ் தாத்தா சாண்டாவாக வரும் எட்மண்ட் க்வென் அதற்கு ஆஸ்கர் வாங்கினவர். கோடையில்தான் கூட்டம் வரும் என்று ஸ்டூடியோ முதலாளி ஜானக் அதை 1947 கோடையிலேயே ரிலீஸ் செய்தார், விளம்பரத்தில் கிறிஸ்துமஸை மறைத்துவிட்டு. நம்ம ஆள்!

டிசம்பர் 25

எதிர்வீட்டு அக்கா கேக்கும் முறுக்கும் கொடுத்தனுப்பினார். "நோம்பி நாளும் அதுவுமா வெள்ளைக்காரன் படம் எதுக்கு, அன்னை வேளாங்கண்ணி போடு கண்ணு" என்று அம்மிச்சி உத்தரவு. 1971 படம், ஜெமினி, பத்மினி, ஜெயலலிதா. போட்டேன். ஜெயலலிதா வந்தபோதெல்லாம் படத்தை நிறுத்தி அரசியல் பேசினதில் முடிய ராத்திரி ஆகிவிட்டது.

டிசம்பர் 27

சரக்கு வாங்கும் பையரிடமிருந்து (buyer) மெயில். அடுத்த கிறிஸ்துமஸுக்குக் குழந்தைகள் பைஜாமா, பென்குவின் பிரிண்ட், துணி 160 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்) போதுமாம். குளிருக்குப் போடுகிற துணி, 180-க்குக் குறைந்தால் நன்றாக இருக்காது என்று எழுத வேண்டும். சாம்பிள் பொங்கலுக்குள் கேட்கிறார்கள்.