காற்புள்ளி வந்தால் ஒற்று போகும்

ஏழாம் வகுப்புக் கட்டுரை நோட்டில் அந்த வரி இப்படி இருந்தது: "மழை பெய்து வாய்க்கால் நிரம்பி அப்பா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய் மடையைத் திறந்துவிட்டுத் திரும்பி வந்து ஈரத் தலையோடு என்னைத் தூக்கிக்கொண்டார்."

ஒரு காற்புள்ளிகூட இல்லை. 'பெய்து', 'நிரம்பி' போல முற்றுப்பெறாத வினைகளான வினையெச்சங்கள் அடுக்கி வந்தால் ஒவ்வொன்றுக்கும் பின்னால் காற்புள்ளி என்பது நிறுத்தற்குறிப் பாடத்தில் உள்ள விதி. அதை அப்போதுதான் நடத்தி முடித்திருந்தேன். சிவப்பு மையால் பெய்து, நிரம்பி, போய் என்று வரிசையாகப் போட்டுக்கொண்டே போய் அரை மதிப்பெண் குறைத்தேன்.

மாணவி நோட்டோடு மேசைக்கு வந்தாள். மதிப்பெண்ணுக்காக வருகிறாள் என்றுதான் நினைத்தேன். அவளோ 'திறந்துவிட்டுத்' என்ற சொல்லின் மேல் விரலை வைத்தாள்.

"ஐயா, இங்கே காற்புள்ளி வந்தால் இந்தத் 'த்' இருக்கலாமா?"

"இருக்கக் கூடாது. அடித்துவிடு."

"'விட்டு' போன்ற வன்தொடர்க் குற்றியலுகரத்துக்குப் பிறகு வல்லின ஒற்று மிகும் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்? அப்படியானால் நான் எழுதியது தப்பா, ஐயா?"

"தப்பில்லை. காற்புள்ளி இல்லாவிட்டால் மிகும், இருந்தால் மிகாது. தேர்வில் காற்புள்ளி போட்டே எழுது."

"சரி, ஐயா" என்று போய் உட்கார்ந்து, அந்த ஒற்றை அடித்தாள். நடந்தது இவ்வளவுதான்.

நான் சொன்னதில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை. இடையில் குறி வந்துவிட்டால் இரண்டு சொற்களும் புணர்வதில்லை; புணராத இடத்தில் ஒற்றுக்கு வேலையில்லை. வினாத்தாளில் 'உரிய நிறுத்தற்குறி இடுக' என்று கேள்வி வருகிறது. அதற்குப் பிள்ளைகளைத் தயார்செய்வது என் கடமை. அரை மதிப்பெண்ணைக் குறைக்காமல் விட்டிருந்தால், விதியை மதித்துக் காற்புள்ளி போட்ட மற்றப் பிள்ளைகளுக்கு என்ன பதில் சொல்வது?

ஆனாலும் அந்த 'த்' என்னை விடவில்லை. வல்லினம் மிகும் இடங்களை மனத்தில் நிறுத்துவதற்குள் பிள்ளைகள் படும் பாடு தமிழாசிரியர்களுக்குத் தெரியும். பத்தாம் வகுப்பு முடித்த பிறகும் பலருக்கு அது கைவராது. இவள் ஏழாம் வகுப்பில், யாரும் கேட்காமலே சரியாக எழுதியிருக்கிறாள். திறந்துவிட்டவரும் திரும்பியவரும் ஒருவரே, இரண்டும் ஒரே ஓட்டம் என்று அந்த ஒற்று சொல்கிறது. அதை எடுத்துவிட்டு அங்கே ஒரு தடுப்பைப் போடு என்றுதான் நான் சொல்லியிருக்கிறேன்.

ஆங்கில வகுப்பில் 'அண்ட்', 'பட்' போன்ற சொற்களால் இரண்டு வாக்கியங்களை இணைக்கும்போது, அவற்றுக்கு முன்னால் காற்புள்ளி போடக் கற்கிறார்கள். அங்கே இணைப்புக்குத் தனிச் சொல் இருக்கிறது. நமக்கு வினையின் வாலிலேயே இணைப்பு இருக்கிறது: பெய்து, நிரம்பி, போய். குறி இல்லாவிட்டாலும் வாக்கியம் அறுந்துபோவதில்லை. அந்த ஆங்கிலப் பழக்கத்தை இங்கே கொண்டுவந்து "வீட்டுக்குப் போனேன், சாப்பிட்டேன், தூங்கினேன்" என்று எழுதும் பிள்ளைகளும் உண்டு. விதிப்படி அங்கே வர வேண்டியது அரைப்புள்ளி. அந்த அரைப்புள்ளியை நாளிதழில் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் காப்பி ஆறிவிடும்.

ஓலைச்சுவடியில் காற்புள்ளி ஏது என்று கேட்பவர்கள் ஆசிரியர் அறையில் எப்போதும் ஒருவராவது இருப்பார்கள். சுவடியில் மெய்யெழுத்துக்கே பெரும்பாலும் புள்ளி வைக்க மாட்டார்கள். அதற்காக அதையும் விட்டுவிடலாமா? சுவடியை வாய்விட்டுப் படித்தார்கள், நாம் கண்ணால் படிக்கிறோம். 19ஆம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலர் தம் உரைநடையில் குறிகளை அத்தனை கவனமாக இட்டது வீண் வேலை இல்லை. மூச்சு விடும் இடத்தில் போடு என்று சொல்லிக்கொடுப்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. மதியம் விளையாடிவிட்டு வந்து எழுதினால் சொல்லுக்கொரு காற்புள்ளி விழும்.

அந்த வரியைத் திரும்பப் படித்தபோதுதான் இன்னொன்று கண்ணில் பட்டது. பெய்தது மழை, நிரம்பியது வாய்க்கால், போனது அப்பா. 'செய்து' என்னும் எச்சம் தன் வினைமுதலின், அதாவது அதைச் செய்தவரின், வினையைக் கொண்டே முடிய வேண்டும் என்கிறது நன்னூல். 'ஞாயிறு பட்டு வந்தான்' என்று ஆள் மாறி முடியும்போது, அந்தப் 'பட்டு' என்பதைப் 'பட' என்பதன் திரிபாகக் கொள்வார்கள் உரைகாரர்கள். அப்படி ஆள் மாறும் இடம் இந்த வரியில் இரண்டு: பெய்து, நிரம்பி. அங்கே காற்புள்ளி போட்டால் படிப்பவருக்கு உதவி. அப்பா கிளம்பிய பிறகு எல்லாம் அவர் செயல்தான். அங்கே குறி எதற்கு? ஆனால் பாடநூல் விதி இப்படிப் பிரித்துச் சொல்வதில்லை. நானாக ஒரு விதியைச் செய்து பிள்ளைகள் தலையில் கட்டலாமா என்ற தயக்கம் இன்னும் தீரவில்லை.

தயங்கினாலும் வகுப்பில் அதைத்தான் இப்போது சொல்கிறேன்: ஆள் மாறினால் காற்புள்ளி, மாறாவிட்டால் ஒற்றே போதும். தேர்வு நெருங்கும்போது மட்டும், எதற்கும் எல்லா எச்சத்துக்கும் போட்டுவிடுங்கள் என்று மாற்றிச் சொல்கிறேன். ஏன் என்று ஒரு பையன் கேட்டான். விடைத்தாளைத் திருத்துபவர் யார் என்று நமக்குத் தெரியாதே என்றேன்.

"நீங்கள்தானே ஐயா திருத்துவீர்கள்?" என்றான்.

காலாண்டுத் தேர்வைப் பொறுத்தவரை அது உண்மைதான்.