டொம்ப்ரோவா எம்: பதினான்கு மாதத் தேடலுக்குப் பிறகு ஊர் கிடைத்துவிட்டது

போன வியாழன் ராத்திரி பதினொன்றரைக்குக் கிடைத்தது. என் மாமியாரின் தாத்தா ஆதாமின் பிறப்புப் பதிவு. வருஷம் 1889, ஊர் டொம்ப்ரோவா மொச்சிட்வி, அந்தக் காலத்து வோம்ஜா மாகாணம், ரஷ்யப் பேரரசு, இன்றைக்குப் போலந்து. வீட்டில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள், எழுப்பிச் சொல்ல மனசு வரவில்லை, விடியும்வரை நானும் தூங்கவில்லை.

கப்பல் பட்டியல், சென்சஸ், 1917 படைப்பதிவு அட்டை இதையெல்லாம் எப்படி எடுப்பது என்று இங்கே எழுதப்போவதில்லை, இந்த வேலையில் இருப்பவர்களுக்குத் தெரியும். என்னைப் பதினான்கு மாதம் நிறுத்திவைத்தது ஊர்ப்பெயர். 1912 கப்பல் பட்டியலில் 'டொம்ப்ரோவா, ரஷ்யா' என்று மட்டும்தான் இருக்கிறது. போலந்து மொழியில் அந்த முதல் எழுத்துக்கு அடுத்து வருவது வால் போட்ட 'அ'. அதை ரஷ்யக்காரர்களும் ஜெர்மன்காரர்களும் 'ஒம்' என்று எழுதினார்கள், அமெரிக்காவிலும் அப்படியே நின்றுவிட்டது. சரி, அதைத் திருத்திப் போட்டுத் தேடினால் போலந்து முழுக்க டொம்ப்ரோவாதான். ஓக் மரத்தோப்பு என்று அர்த்தம், தோப்பு இருந்த இடமெல்லாம் ஊருக்கு அதே பெயர். நம்மூரில் புதூர் என்று மட்டும் சொல்லிவிட்டு ஒருவரைத் தேடச் சொன்னால் எப்படி இருக்கும், அந்தக் கதை. ஷெபியெடோவோ ரயில் நிலையத்தைச் சுற்றி மட்டும் டொம்ப்ரோவா வாஸி, டொம்ப்ரோவா கோகோலே, டொம்ப்ரோவா வில்கி (வில்கி என்றால் ஓநாய்கள்) என்று வரிசையாக இருக்கின்றன. பக்கத்து வட்டாரத்தில் டொம்ப்ரோவா கெருபினி, டொம்ப்ரோவா ஷதான்கி. கெரூபின்களுக்கு ஓர் ஊர், சாத்தான்களுக்கு ஓர் ஊர்.

குடும்பப் பெயராவது உதவுமா என்றால் அதுவும் டொம்ப்ரோவ்ஸ்கி. அந்தப் பக்கம் சிறுநிலம் வைத்திருந்த பிரபு வம்சத்தார் கூட்டம் கூட்டமாக வாழ்ந்த பகுதி, ஊர்ப்பெயரையே குடும்பப் பெயராக வைத்துக்கொண்டார்கள், ஊர் முழுக்க ஒரே பெயர். இது எனக்குப் புதிதில்லை. தூத்துக்குடியில் எங்கள் தெருவில் எந்தக் கதவைத் தட்டினாலும் பர்னாந்து.

சரி, எனக்குத் துப்புக் கொடுத்த பழைய தபால் உறைக்கு வருகிறேன். மாமியார் 1946-இல் பிறந்தவர், வளர்ந்தது ஹாம்டிராமிக். டெட்ராய்ட் நகரத்துக்குள்ளேயே ஒரு தனி ஊர் அது. 1910-இல் நாலாயிரம் பேர்கூட இல்லாத இடம், டாட்ஜ் கார் தொழிற்சாலை வந்ததும் பத்து வருஷத்தில் 48,000 பேர், பெரும்பாலும் போலந்துக்காரர்கள். ஆதாம் தாத்தா அந்தத் தொழிற்சாலையில்தான் இருந்தார். பேரப்பிள்ளைகளுக்கு அவர் 'ஜாஜா', பாட்டி 'பூஷா'. கிறிஸ்துமஸ் என்றாலே மாமியாருக்கு டிசம்பர் 24 ராத்திரிதான், விகிலியா. அன்றைக்கு முழுக்க இறைச்சி கிடையாது, முதல் நட்சத்திரம் தெரியும்வரை சாப்பாடும் கிடையாது. பிள்ளைகள் மாடி ஜன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு வானத்தைப் பார்ப்பார்கள், தொழிற்சாலைப் புகையில் ஒன்றும் தெரியாது, பசி தாங்காமல் சின்னது அழ ஆரம்பித்ததும் ஜாஜா வெளியே போய்த் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு 'வந்தாச்சு' என்று சொல்வாராம். மேஜைத் துணிக்கு அடியில் ஒரு பிடி வைக்கோல், அதைச் சந்தைக்கு வரும் விவசாயி ஒருவரிடம் கேட்டு வாங்கி வைத்திருப்பார்கள். யாராவது வழிப்போக்கர் வந்தால் உட்கார ஒரு தட்டு காலியாக. பன்னிரண்டு வகைச் சாப்பாடு. எல்லாவற்றுக்கும் முன்னால் ஒப்வாடெக்.

நம் கத்தோலிக்கப் பூசையில் கொடுக்கும் அப்பம் மாதிரியே இருக்கும், ஆனால் நற்கருணையாகச் செபித்து மாற்றாதது, செவ்வகமாக, தபால் அட்டை அளவு, மேலே குடில் படம் அழுத்தியிருக்கும். ஒருவர் கையில் இருப்பதை மற்றவர் கிள்ளி எடுத்து வாயில் போட்டுக்கொண்டு வாழ்த்தவேண்டும், மனத்தாங்கல் இருந்தால் அந்த நிமிஷத்தில் தீர்த்துக்கொள்ளவேண்டும். ஒவ்வொரு டிசம்பரும் போலந்திலிருந்து ஜாஜாவின் தங்கை உறையில் ஒரு ஒப்வாடெக் வைத்து அனுப்புவார். அதோடு ரோஸ் நிறத்தில் இன்னொன்று, அது மாட்டுக்கு. ஹாம்டிராமிக்கில் மாடு ஏது, பூஷா அதை நாய்க்கும் முற்றத்துப் புறாக்களுக்கும் போடுவாராம். நடுச்சாமத்தில் மிருகங்கள் பேசும் என்று நம்பிக்கை. அந்தப் புறாக்கள் போலிஷில் பேசும் என்று தம்பியிடம் அடித்துச் சொன்னதாக மாமியார் சொல்லும்போது அவர் குரலே மாறிவிடுகிறது.

போன வருஷம் பூஷாவின் செபப்புத்தகத்தைப் பிரித்துப் பார்த்தபோது அந்த உறைகளில் ஒன்று அகப்பட்டது. உள்ளே ஒப்வாடெக் பொடிப்பொடியாக. பின்பக்கம் அனுப்புநர் முகவரி: 'டொம்ப்ரோவா எம்', அதற்குக் கீழே தபால் நிலையத்தின் பெயர் இருந்திருக்கவேண்டும், அங்கே தண்ணீர் பட்டு மை கரைந்துவிட்டது. முன்பக்கம் தபால் முத்திரையாவது இருக்குமே என்று திருப்பினால் ஒரு சதுர ஓட்டை. கணவரின் தாய்மாமா பத்து வயசில் ஆல்பத்துக்காகத் தபால்தலையை முத்திரையோடு சேர்த்துக் கத்தரித்து எடுத்திருக்கிறார். அந்த ஆல்பம் எங்கே போனது என்று அவருக்கே ஞாபகமில்லை. எனக்கு அன்றைக்கு அழுகை வந்தது உண்மை.

ஆனாலும் 'எம்' இருக்கிறதே. வரைபடத்தை வைத்து உட்கார்ந்தால் எம்-இல் தொடங்குபவை இரண்டு: ஷெபியெடோவோ பக்கம் மொச்சிட்வி, சிஷெவ் பக்கம் மிஹாவ்கி. மொச்சிட்வி என்றால் சணலும் ஆளிச்செடியும் ஊறப்போடும் குட்டை. இரண்டும் ஒரே சுற்றுவட்டாரம்.

அமெரிக்கப் போலிஷ் பங்குக் கோவில்களின் திருமணப் பதிவேட்டை யாரும் விட்டுவிடாதீர்கள். அரசாங்கக் காகிதத்தில் ரஷ்யா என்று ஒரே வார்த்தையில் முடித்த இடத்தில், பங்குச் சாமியார் பெற்றோர் பெயர், தாயின் பிறந்த வீட்டுப் பெயர், சில சமயம் ஊர்ப்பெயர்கூட எழுதியிருப்பார். எங்களுக்கு ஊர் இல்லை, பெற்றோர் கிடைத்தார்கள்: அந்தோனி, ரோசாலியா, பிறந்த வீடு ஷெபியெடோவ்ஸ்கா. நடுவில் காசு வாங்கிக்கொண்டு தேடித் தருவதாகச் சொன்ன ஒருவர் ஐந்து மாதம் கழித்து வேறு ஒரு ஆதாம் டொம்ப்ரோவ்ஸ்கியின் பதிவை அனுப்பிவைத்தார், அப்பா பெயர் மாத்தேயு. பெற்றோர் பெயரை மூன்று தடவை எழுதிக் கொடுத்திருந்தேன். அதற்கப்புறம்தான் நானே படிப்பது என்று முடிவு செய்தேன்.

போலந்துத் தன்னார்வலர்கள் நடத்தும் கெனெடெகா என்ற இணையப் பெயர் அட்டவணை பெரிய வரப்பிரசாதம், அவர்கள் உழைப்புக்குக் கோடி நன்றி. நான் தேடிய வருஷங்கள் அதில் ஏறியிருக்கவில்லை. ஆகவே ஸ்கேனைப் பக்கம் பக்கமாகப் புரட்டவேண்டும். அந்தப் பகுதியில் 1868-க்கு அப்புறம் பதிவுகள் எல்லாம் ரஷ்ய மொழியில், அதுவும் கூட்டெழுத்தில். போலந்துச் சாமியார், போலந்துக் குடியானவர், போலந்துக் குழந்தை, எழுத்து மட்டும் ஜார் மன்னர் உத்தரவுப்படி.

அச்சு ரஷ்ய எழுத்தை ஒரு வாரத்தில் படித்துவிடலாம். கூட்டெழுத்து அப்படியில்லை. அச்சில் இருக்கும் 'த' கையெழுத்தில் ஆங்கில எம் மாதிரி ஆகிவிடும், 'ப' ஆங்கில என் மாதிரி, 'இ' யு மாதிரி, 'ட' ஜி மாதிரி கீழே வால் விடும். ஷ, த, ம, ல, இ ஐந்தும் சேர்ந்து வந்தால் ஒரே கொக்கி வரிசை, எத்தனை கொக்கி என்று எண்ணித்தான் எழுத்தைப் பிரிக்கவேண்டும். கையெழுத்து படிக்கும் செயலி ஒன்றில் போட்டுப் பார்த்தேன், ஆதாமை அன்னா ஆக்கியது.

எனக்குக் கைகொடுத்தது ரஷ்யாவில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதிப் பழகும் இரட்டைக்கோடு நோட்டு. இதை எத்தனை தடவை சொன்னாலும் தகும்: பார்த்துப் பார்த்துப் படிக்க வராது, எழுதினால்தான் வரும். தினமும் அரைமணி நேரம், மை ஊற்றும் பேனாவில், முதலில் மாதப் பெயர்கள், அப்புறம் எண்கள் (தேதி, வயசு எல்லாம் எழுத்தால்தான் எழுதியிருப்பார்கள்), அப்புறம் பதிவின் வாய்ப்பாடு. நம் கிரயப் பத்திரம் மாதிரியே ஒரு நடை அது: 'இன்னார், இத்தனை வயது, இன்ன ஊரில் குடியிருப்பவர், இன்னின்ன சாட்சிகள் முன்னிலையில் நேரில் வந்து, ஆண் குழந்தை ஒன்றை எங்களிடம் காட்டி...'. கடைசியில் 'எழுதப் படிக்கத் தெரியாத இவர்களுக்குப் படித்துக் காட்டி, நாம் மட்டும் கையொப்பமிட்டோம்'. இந்த வாய்ப்பாட்டை நாற்பது ஐம்பது தடவை கையால் எழுதிய பிறகு, பேனா எங்கே இழுக்கும், எங்கே திரும்பும் என்று விரலுக்குத் தெரிந்துவிடுகிறது. அதற்கப்புறம் பக்கத்தைத் திறந்தால் வாய்ப்பாடு தானாகப் பின்னால் போய், பெயரும் ஊரும் மட்டும் முன்னால் வந்து நிற்கும்.

இன்னொன்று, ஒவ்வொரு வருஷத்துப் பதிவின் முடிவிலும் சாமியார் ஒரு பெயர் அகராதி போட்டிருப்பார், ரஷ்ய அகரவரிசையில். அதை முதலில் பாருங்கள். 1889-இல் டொம்ப்ரோவ்ஸ்கிகள் மட்டும் ஒரு பத்தி முழுக்க இருந்தார்கள், அவர்களுக்குள் ஒரு ஆதாம்.

அந்தப் பதிவைத் திறந்தால் ஊர்ப்பெயர் இருந்த இடத்தில் தாள் மடிந்திருந்தது. முதல் எழுத்து ம, கடைசியில் 'இல்' உருபு. ஆமாம், ஊர்ப்பெயரும் வேற்றுமை ஏற்கும், மதுரை மதுரையில் ஆவதுபோல மொச்சிட்லி (மொச்சிட்வியை ரஷ்ய எழுத்தில் எழுதுவது இப்படித்தான்) மொச்சிட்லாஹ் ஆகும், மிஹால்கி மிஹால்காஹ் ஆகும், ரஷ்ய எழுத்தில் இரண்டுக்கும் முடிவு ஒன்றே. ஆக நடுவில் இருக்கும் ஐந்து எழுத்துதான் சாட்சி, அதன்மேல்தான் மடிப்பு. ஏ3 தாளில் பெரிதாக அச்சடித்து, மேலே டிரேசிங் பேப்பர் வைத்து, தெரிந்த கோட்டை மட்டும் பென்சிலில் எடுத்தேன். மடிப்புக்குக் கீழே, கோட்டைத் தாண்டி, இடப்பக்கம் வளைந்து இறங்கும் ஒரு சின்ன வால். மிஹால்காஹ் என்ற சொல்லில் எந்த எழுத்தும் கோட்டுக்குக் கீழே இறங்காது. மொச்சிட்லாஹ்வில் 'ட' இறங்கும். இந்தச் சாமியார் 'ட'வை மேலே சுழிப்பவரா கீழே இழுப்பவரா என்று அதே பக்கத்தில் 'வருஷம்', 'நாள்' என்ற சொற்களில் பார்த்தேன், எல்லா இடத்திலும் கீழே, இடப்பக்கம், அதே வளைவு. தந்தை அந்தோனி, தாய் ரோசாலியா, பிறந்த வீடு ஷெபியெடோவ்ஸ்கா. டொம்ப்ரோவா மொச்சிட்வி.

அப்புறம் தேதியைப் படித்தேன். அங்கேதான் கை நடுங்கியது. ரஷ்யப் பழைய நாட்காட்டியும் புதியதும் சேர்த்து இரண்டு தேதி எழுதுவது வழக்கம், 19-ஆம் நூற்றாண்டில் பன்னிரண்டு நாள் வித்தியாசம். பிறந்தது டிசம்பர் 12, அதாவது 24. விகிலியா அன்றைக்குப் பிறந்த பிள்ளை. டிசம்பர் 24 ஆதாம் ஏவாளின் திருநாள், அதனால்தான் ஆதாம்.

படைப்பதிவு அட்டையில் அவர் பிறந்தநாள் டிசம்பர் 12, குடியுரிமை விண்ணப்பத்தில் டிசம்பர் 24. இரண்டு வேறு ஆட்கள் என்று நினைத்து ஒரு வருஷமாக இரண்டு கோப்பு வைத்திருந்தேன். ஒரே ஆள்தான், இரண்டு தேதியும் சரிதான்.

காலையில் மாமியாருக்குப் போன் போட்டுச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. 'ஒப்வாடெக் எடுக்கிறதுக்கு முன்னாடி எல்லாரும் ஜாஜா பக்கம் திரும்பி நூறு வருஷம் இருக்கணும்னு சொல்வோம், அவர் ஒரு சின்ன கிளாஸ் குடிப்பார். எல்லா வீட்டுலயும் தாத்தாவுக்கு அப்படிச் செய்வாங்கன்னுதான் இத்தனை வருஷமா நினைச்சுக்கிட்டு இருந்தேன்' என்றார்.

அடுத்த வேலை நிறைய இருக்கிறது. பதிவேட்டுக்கு இரண்டு பிரதி உண்டு, ஒன்று கோவிலில், ஒன்று நீதிமன்றத்துக்குப் போனது. மடிப்பு இல்லாத அந்த இன்னொரு பிரதியையும் பார்த்துவிடவேண்டும். அந்தோனி ரோசாலியா திருமணப் பதிவு மொச்சிட்வி சேர்ந்திருக்கும் டொம்ப்ருஃப்கா கோஷ்சியெல்னா பங்கில்தான் இருக்கவேண்டும், பெண் வீட்டுப் பங்கில் நடந்திருந்தால் தேடும் இடம் மாறும். பூஷாவின் பக்கம் ஆஸ்திரியா பிடித்திருந்த கலீசியா, அங்கே பதிவெல்லாம் லத்தீனில், கட்டம் போட்டு, அது சுலபம், கடைசிக்கு வைத்திருக்கிறேன்.

நடுவில் கசகசா. விகிலியாவுக்குக் கசகசா அரைத்துத் தேன் சேர்த்து நூடுல்ஸில் பிரட்டும் ஒரு பதார்த்தம் உண்டு. நம் கடையில் கிடைக்கும் வெள்ளைக் கசகசா போட்டால் நிறமும் வராது, அந்தக் கசப்பும் வராது, நீலக் கசகசாதான் வேண்டும், ஹாம்டிராமிக்கில் போலிஷ் கடையில் அரைத்ததும் விற்கிறார்கள், முழுசாகவும் கிடைக்கிறது, முழுசாக வாங்குங்கள். பூஷா இறைச்சி அரைக்கும் இயந்திரத்தில் மூன்று தடவை விடுவாராம். நான் கொதிநீரில் ஊறவைத்து, வடித்து, நம் வெட் கிரைண்டரில் இருபது நிமிஷம் ஓடவிட்டேன். பால் விட்டு வெண்ணெய் மாதிரி வந்தது. மாமியார் கரண்டியால் எடுத்துச் சாப்பிட்டுவிட்டு, அறுபது வருஷத்துக்கு முந்தைய ருசி என்றார்.

உறையில் எழுதிய தங்கையின் பெயர் பிரான்சிஸ்கா. அவருடைய பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் இன்னும் அங்கே இருக்கிறார்களா என்று இனிமேல்தான் பார்க்கவேண்டும். நேற்று மாமியார் கேட்டார், இந்த வருஷம் நாம் ஒரு ஒப்வாடெக் அந்தப் பங்குச் சாமியாருக்கு அனுப்பினால் என்ன, கோவிலில் யாராவது பெயரைக் கேட்டு அடையாளம் சொல்லமாட்டார்களா என்று. இங்கே கோவிலில் திருவருகைக்காலம் தொடங்கும்போதுதான் ஒப்வாடெக் கொடுக்க ஆரம்பிப்பார்கள், அதற்கப்புறம் அனுப்பினால் 24-க்குள் போய்ச்சேராது. முன்கூட்டியே இரண்டு எடுத்துவைக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறேன், ஒன்று வெள்ளை, ஒன்று ரோஸ்.