பவர்7-லிருந்து பவர்9: தள்ளுபடியில் வராத செலவுகள்

எங்கள் பில்லிங், சரக்கு இருப்பு, கணக்கு எல்லாமே ஐபிஎம்மின் ஒரு பவர்7 சர்வர் மெஷினில்தான் ஓடின. அதிலிருந்த ஆர்பிஜி (ஐபிஎம்மின் வணிகக் கணினி மொழி) புரோகிராம்களில் சில, இந்த மெஷின்களின் முன்னோடியான ஏஎஸ்/400 காலத்தில் எழுதியவை. இன்றும் எனக்கு அவற்றின் மீது மரியாதை உண்டு. ஆனால் அந்த மெஷினின் இயங்குதளமான ஐபிஎம் ஐ 7.1-க்கான வழக்கமான சப்போர்ட் 2018 ஏப்ரல் 30-உடன் முடியவிருந்தது. பவர்9-ம் அப்போதுதான் வந்திருந்தது. பழைய மெஷினைக் கொடுத்தால் விலையில் நல்ல கழிவு, காலாண்டு முடிவதற்குள் ஆர்டர் போட வேண்டும் என்று கோட்டேஷன் வந்தது. நிர்வாகம் உடனே சரி என்றது. நான் ஒரு வாரம் அவகாசம் கேட்டேன்.

அந்த வாரத்தில் முதலில் கண்ணில் பட்டது மெஷின் வகை. கோட்டேஷனில் இருந்தது ஆறு கோர் (பிராசசர் மையம்) கொண்ட எஸ்914 என்ற பவர்9 மாடல். மென்பொருள் கட்டணத்துக்கான பிரிவுகளில் அது பி10. எங்கள் பழைய மெஷின் பி05. பிரிவு ஏறினால் ஐபிஎம் லைசென்ஸ் மட்டுமல்ல, சம்பளப் பட்டியலுக்கும் பேக்கப்புக்கும் வைத்திருந்த வெளி மென்பொருள்களின் கட்டணமும் ஏறும். அந்த லைசென்ஸ்கள் மெஷினின் சீரியல் நம்பரோடு கட்டப்பட்டவை, மாற்றிக் கொடுக்கவே தனிக் கட்டணம். கூட்டிப் பார்த்தால் கழிவில் பெரும்பகுதி அங்கேயே போய்விடும்.

மூன்று மாத சிபியு பயன்பாட்டை எடுத்துப் பார்த்தேன். மாதக் கடைசியில்கூட ஒரு கோர் நிரம்பவில்லை. நான்கு கோர் எஸ்914 பி05-தான். 64 ஜிபி நினைவகத்துக்கு மேல் போட முடியாது, எங்களுக்கு அதுவே தாராளம். கோட்டேஷனை மாற்றச் சொன்னேன். விற்பனையாளர் முகம் கொடுக்கவில்லை, ஆனால் மாற்றிக் கொடுத்தார்.

அடுத்து, பழைய மெஷினை ஒப்படைக்க வேண்டிய தேதி. புது மெஷின் வந்த சில நாட்களிலேயே என்று இருந்தது. மாத முடிவுக் கணக்கை இரண்டிலும் ஓட்டிப் பார்க்காமல் தர முடியாது என்று சொல்லி, நீட்டிப்பை எழுத்தில் வாங்கினேன். வாய்ப்பேச்சை நம்பியிருந்தால் மாட்டியிருப்பேன்.

வேலை தொடங்கியதும் டேப் சிக்கல். பழையது எல்டிஓ-4, அதாவது எல்டிஓ வகை பேக்கப் டேப்பின் நான்காம் தலைமுறை; புது எல்டிஓ-7 டிரைவ் அந்த டேப்பைப் படிக்காது. இரண்டுக்கும் பாலமாக எல்டிஓ-6 டிரைவ் ஒன்றை வாடகைக்கு எடுத்து, பழைய மெஷினை முதலில் 7.3-க்கு உயர்த்தி, முழு சேவ் (பேக்கப்) எடுத்துப் புதியதில் இறக்கினோம்.

மாத முடிவு எண்கள் பைசா பிசகாமல் பொருந்தின. அப்புறம்தான் பழைய டிஸ்க்குகளை அழித்து மெஷினை அனுப்பினோம்.